நாற்பது வரை

ஆற்றங்கரைத் தெருவின் நாற்பது வீடுகளுக்கும் வெள்ள எச்சரிக்கையைச் செல்போனில் அனுப்பும் புரோகிராமை எழுதியவள் நான். வீட்டு எண்களைப் பூஜ்யம் முதல் நாற்பது வரை என்று கொடுத்திருந்தேன். காலையில் நாற்பது செய்திகள் போய்விட்டதாகத் திரை காட்டியது. நிம்மதியாகப் பால் விடாத கட்டன்சாயா குடித்தேன்.

பத்து மணிக்கு உடன் வேலை பார்க்கும் ஜிஜோ சேட்டன் போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஷைனி, நாப்பதாம் நம்பர் வீட்டுக் கோசி பேசுறார். கட்டில் மட்டத்துக்குத் தண்ணி வந்திருச்சாம். மெசேஜே வரலையாம்."

"நாப்பதும் போயிருக்கு சேட்டா. எண்ணிப் பாருங்க."

"எண்ணிக்கை கிடக்கட்டும். எங்கேருந்து ஆரம்பிச்சே?"

"சைபர்லேருந்து. கம்ப்யூட்டர் அப்படித்தானே எண்ணும்?"

"தெருவுல எந்த மடையன் சைபர் நம்பர் வீடு கட்டியிருக்கான்? உன் கம்ப்யூட்டர் முப்பத்தொன்பதோட நின்னுருமே, அது தெரியாதா உனக்கு?"

தெரியும். 'நாற்பது வரை' என்றால் கணிப்பொறி நாற்பதைச் சேர்க்காமல் அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். எழுதும்போது தொடக்கத்தைக் கணிப்பொறியின் வழக்கப்படி வைத்தேன்; முடிவை எங்கள் ஊர்ப் பேச்சில் வைத்துவிட்டேன். இல்லாத ஒரு வீட்டுக்குப் போன செய்தி எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டது. அந்தத் தெருவில் ஆற்றை ஒட்டிய வீடு நாற்பதாம் எண்தான். தண்ணீர் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

போனை வாங்கிக் கோசியிடம் பேசினேன்.

"அச்சாயா, படகு கிளம்பிருச்சு. மேல ஏறி நில்லுங்க."

"படகு எந்த வீடு வரைக்கும் வரும் மோளே?" என்று கேட்டார்.

நாற்பது வரைக்கும் என்று சொல்ல வந்தவள் மாற்றி, "நாப்பதையும் சேர்த்து, அச்சாயா" என்றேன்.