தோலில் வடிகட்டாத பெட்ரோல்

காரை முன்னால் நின்று சுற்றிக் கிளப்பும் ஹாண்டில் எட்டாவது முறையும் மணிக்கட்டை உதறித் தள்ளியபோது எனக்கு வண்டியின்மேல் கோபம் வரவில்லை. பின்ஸீட்டில் மனைவியோடு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கந்தையா ஐயாவின்மேல்தான் வந்தது. வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிப் பாதி வழிகூட வரவில்லை. கிள்ளானில் அவர் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். நாங்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கிறோம்.

பதினைந்து நாளாக இதே கதை. காலையில் கிளப்ப அரைமணி ஆகும். கிளம்பினாலும் நின்ற இடத்தில் குலுங்கும், இருமும், அணைந்துபோகும். பிளக்குகளைக் கழற்றித் துலக்கினேன். பொறி தரும் மேக்னட்டோவின் முனைகளைத் தேய்த்தேன். கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்தேன். ஒருநாள் ஒழுங்காக ஓடும், மறுநாள் மறுபடி இருமல்.

காரணம் எனக்கு முதலிலேயே தெரியும். ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்த ஐயா, நான் டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றும்போது புனலில் விரித்திருந்த மெல்லிய ஆட்டுத்தோலைப் பார்த்துவிட்டார். "பூசை வைச்ச வாகனத்துக்குத் தோல் தொட்ட எண்ணெயே?" என்று அதைப் பிடுங்கி எறிந்தார். தம் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். மழைக்காலத்தில் டின்னுக்குள் தண்ணீர் சேர்ந்துவிடும். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரைத் தடுக்கும். வேட்டி இரண்டையும் விடும். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தினமும் அவர் ஆபீசுக்குக் காலில் மாட்டிப் போகிற சப்பாத்து என்ன வாழைநாரிலா செய்தது? பெரிய கிளார்க்காக இருப்பவரிடம் டிரைவர் நான் அதைக் கேட்க முடியுமா?

ஐயா இறங்கி வந்தார்.

"பெற்றோலை வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்துறீர் எண்டு எனக்குத் தெரியும் காணும். பொலிசிலை சொல்லி உம்மட லைசென்சைப் பறிக்கிறனோ இல்லையோ பாரும்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்து ஆட்களையே ஊருக்குக் கப்பலேற்றி அனுப்புகிற வருஷம் இது. பெட்ரோல் திருடன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்த வீட்டு வண்டியையும் என்னை நம்பிக் கொடுக்கமாட்டார்கள். அவர் வீட்டுப் பின்னறையில்தான் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"அம்மா, அந்தக் கண்ணாடிக் குவளையைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். ஐயாவின் மனைவி புனிதவதி அம்மா கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கார்புரேட்டரின் அடியைத் திறந்து, வடிந்ததை அதில் பிடித்தேன்.

"மண்ணெண்ணெயா இருந்தா பெட்ரோலோட கலந்து போயிருக்குங்கய்யா. இது அடியில தனியா நிக்குது பாருங்க. தண்ணி."

எறிந்த தோலை நான் எடுத்து ஸீட்டுக்கடியில் வைத்திருந்தேன். பெட்ரோல் டாங்கியில் இருந்ததை டின்னில் இறக்கி, அந்தத் தோல் வழியாகத் திரும்ப ஊற்றினேன். தோலின் குழியில் ஒரு கை தண்ணீர் தங்கிவிட்டது. கணவனும் மனைவியும் குனிந்து பார்த்தார்கள். அடுத்த சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"சரி சரி, நேரமாகுது" என்றார் ஐயா. மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன். மடையன் நான்.

கிள்ளானில் மாப்பிள்ளையின் தகப்பனார் சண்முகரத்தினம் வாசலிலேயே ஏன் தாமதம் என்று கேட்டார்.

"எங்கட டிறைவர் பெற்றோலிலை தண்ணி கலந்துபோட்டான். நான்தான் கண்டுபிடிச்சனான்" என்றார் ஐயா, பத்தடி தள்ளி வண்டியருகே நிற்கும் என் காதில் விழும்படியே. "பிள்ளைகுட்டிக்காரன் எண்டு பாவம் பாத்து வைச்சிருக்கிறன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பேச்சு நல்லபடி முடிந்திருக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, கோயிலுக்குப் போய்வரலாம் என்று எல்லோரும் சிரித்தபடி வந்தார்கள். சண்முகரத்தினமும் அவர் மனைவியும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். ஐயா முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி" என்றார் சண்முகரத்தினம், மிகவும் அன்பாக. "இனிமேலாவது நேர்மையா நடவும்."

ஐயா நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹாண்டிலைச் சுழற்றினேன். ஒரே சுற்றில் கிளம்பியது. ஹாண்டிலை உருவி என் ஸீட்டில் வைத்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"என்ன காணும்? வண்டியை எடும்!" என்றார் ஐயா.

"பெட்ரோல்ல தண்ணி எப்படி வந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்கய்யா. சொன்னா எடுக்குறேன்."

பின்னறையில் இருக்கிற மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஆனாலும் நகரவில்லை.

அந்த நான்கு பேரில் யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. இஞ்சின் மட்டும் ஒரு குலுக்கலில்லாமல், ஒரு இருமலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்ஸீட்டில் அம்மா தலையை நிமிர்த்தி, முன்னால் இருந்த கணவனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.