எட்டடிக்கு எவ்வளவு கேபிள்

ரிச்சி தெருவில் நெட்வொர்க் கேபிளை இடத்தின் நீளம் பார்த்து விற்பதில்லை. இரு முனைகளிலும் அமரப்போகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவோ, அவ்வளவு கேபிள் பிடிக்கும். ஆகையால் அலுவலக வயரிங்குக்குப் பொறுப்பேற்பவர் முதலில் ஊழியர்களை இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். பேச்சு நின்றதிலிருந்து ஒருவர் எழுந்து போகும்வரை எத்தனை நிமிடமோ, அத்தனை மீட்டர்.

பூட்டு நிறுவனத்தின் சென்னை அலுவலக மேலாளர் மங்கையர்க்கரசி இந்த வேலையைப் பிசகின்றிச் செய்திருந்தார். பதினான்கு இணைகளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிய பட்டியல் அவர் பையில் இருந்தது. வரவேற்பில் இருந்த இரு பெண்களின் பேச்சு நிற்கவே இல்லை. அவர்களுக்கு ஒரு முழம் போதும் என்று எழுதினார்.

கடைக்காரர் ஜைனுலாபுதீன் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"கேட்-சிக்ஸ் தரேன் மேடம். சுத்தச் செம்பு. அலுமினியத்துல செம்பு பூசுனதும் இருக்கு, விலை பாதிதான். ஆனா சொல்றதுல பாதிதான் போய்ச் சேரும். மீதி உள்ளேயே சூடாகிக் கெடக்கும்."

"செம்பே கொடுங்கள், பாய்."

"கடைசி வரி மட்டும் அடியில போட்டிருக்கீங்களே? எட்டடின்னு?"

"அது டேப்பால் அளந்தது."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் குடோன் பொறுப்பாளருக்கும். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான்."

ஜைனுலாபுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டேப்பு ஜாக்கெட் தைக்கிற எடத்துல வச்சிருப்பாங்க மேடம். நம்ம தெருவுல யார்கிட்டயும் கெடையாது."

"எட்டடி என்றால் எட்டடிதான், பாய்."

அவர் எட்டடியை வெட்டிச் சுருட்டினார். முந்நூற்றைந்து மீட்டர் கொண்ட புதுப் பெட்டி ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றினார். "மிஞ்சினா திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குடோன் பிரிவு நெட்வொர்க்கில் இணையவேண்டும். இணையாவிட்டால் திங்கள் முதல் அப்பிரிவு திண்டுக்கல் தொழிற்சாலைக்கு மாற்றப்படும் என்று முதலாளி எழுதியிருந்தார். பிரிவு என்பது நான்கு அலமாரிகளும் தணிகைவேல் என்ற ஒரு மனிதரும்தான். ஒன்பது ஆண்டுகளாக மங்கையர்க்கரசியும் அவரும் துண்டுச் சீட்டுகளில் மட்டுமே பேசிக்கொண்டார்கள். சீட்டுகளில் பிழையே இராது. தணிகைவேலின் மேசை காலியாக இருக்கும் திங்கட்கிழமையை மங்கையர்க்கரசி ஒருமுறை நினைத்துப் பார்த்தார். பிறகு அன்று முழுவதும் நினைக்கவில்லை.

வயரிங் வேலைக்கு வந்த சகாயராஜ் மதியத்துக்குள் பதினான்கு இணைகளையும் முடித்தார். வரவேற்புப் பெண்களின் கேபிள் ஒரு முழமே இருந்ததால் நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள். கடைசியாக எட்டடித் துண்டை எடுத்துத் தடுப்பின் துளைக்குள் விட்டார். மறுபக்கம் தலைகாட்டவில்லை. பெட்டியைப் பிரித்து இழுத்தார். ஐம்பது மீட்டர் போயிற்று. நூறு போயிற்று. துளை சோற்றுக் கவளம்போல் கேபிளை விழுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றரை மணிக்குப் பெட்டி காலியானது. தணிகைவேலின் மேசைக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.

"இன்னொரு பெட்டி வாங்கிவரச் சொல்லவா?" என்றார் மங்கையர்க்கரசி.

"பத்துப் பெட்டி வாங்கினாலும் வேலைக்காவாது மேடம். ஒரே ஓட்டம் நூறு மீட்டரைத் தாண்டுனா சிக்னல் செத்துரும். கொறைக்கத்தான் பாக்கணும்."

"எப்படிக் குறைப்பது?"

சகாயராஜ் கேபிளின் நுனியைப் பிடித்தபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அது வயர்மேன் வேலை இல்லீங்க."

மங்கையர்க்கரசி தம் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் இனிப்புப் பெட்டியை எடுத்தார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தணிகைவேலின் எதிரே அமர்ந்தார். தணிகைவேல் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

"சீட்டு வேண்டாம், தணிகை. எனக்கு மேலாளர் பதவி கிடைத்த அன்று இதைக் கொண்டுவந்தீர்கள். நான் போனில் பேசிக்கொண்டே மேசையைக் காட்டினேன். வைத்துவிட்டுப் போனீர்கள்."

"ஆமாம்."

"போனில் யாரும் இல்லை. அதே பதவிக்கு நீங்கள் போட்ட விண்ணப்பத்தையும் முதலாளி எனக்குக் காட்டியிருந்தார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை."

தடுப்புக்கு அப்பாலிருந்து சகாயராஜின் குரல் வந்தது. "இருநூத்திப் பத்து."

தணிகைவேல் பேனாவை மூடினார். "யாரும் இல்லைன்னு தெரியும். போன் ஒயர் கழன்று மேசைக்கடியில தொங்கிக்கிட்டிருந்துச்சு."

"பார்த்தீர்களா?"

"பாத்தேன். மாட்டிவிடலாமான்னு நெனச்சேன். மாட்டினா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடுமேன்னு விட்டுட்டேன்."

"நூத்திநாப்பது."

"ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"மறுநாள் வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. மைசூர்பாகு கல்லாட்டம் இருக்கு, சாப்பிட்டுப் பல்லை ஒடச்சுக்காதேன்னு சொல்லத்தான் வந்தேன், மங்கை."

மங்கையர்க்கரசி பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு துண்டுகளும் அப்படியே இருந்தன. தணிகைவேல் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். மேசையில் பள்ளம் விழுந்தது, மைசூர்பாகு உடையவில்லை.

"தொண்ணூத்தெட்டு. போதுங்க மேடம், சிக்னல் வந்துருச்சு" என்றார் சகாயராஜ்.

மணி நாலே முக்கால். இருவரும் நிறுத்தவில்லை. தணிகைவேலின் மகள் பல்மருத்துவம் முடித்திருந்தாள். மங்கையர்க்கரசி போன வருடம் இடுப்பு வலியோடு இருபது நாள் கிடந்திருந்தார். கேபிள் துளை வழியே திரும்பி வந்து பெட்டிக்குள் தானாகச் சுற்றிக்கொண்டது. ஆறு மணிக்கு அது ஒரு முழமாகியிருந்தது. இரு மேசைகளும் தடுப்பை இருபுறமும் முட்டிக்கொண்டு நின்றன. சகாயராஜ் தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாய் கடைக்குப் புறப்பட்டார்.

புது இணைப்பில் தணிகைவேல் முதல் கடிதத்தைத் திண்டுக்கல்லில் இருக்கும் முதலாளிக்கு எழுதினார். குடோனில் அமர்ந்து இத்தனை ஆண்டுகள் சொல்ல நினைத்ததையெல்லாம் நான்கு பக்கங்களில் எழுதினார். மங்கையர்க்கரசி படித்துப் பார்த்து, தம் பங்குக்கு இரண்டு பக்கங்கள் சேர்த்தார். இரவுக்குள் முதலாளியிடமிருந்து பதினொரு பக்கப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இரு தரப்பினரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மங்கையர்க்கரசி பேருந்திலிருந்து இறங்கியபோது திண்டுக்கல் தொழிற்சாலை சென்னை அலுவலகத்தின் தெருமுனையில் வந்து நின்றுகொண்டிருந்தது. வாசலில் முதலாளி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி வணக்கம் சொன்னார். பால் வண்டி திரும்புவதற்கு இடமில்லாததால், தொழிற்சாலையை இன்னும் இரண்டடி உள்ளே தள்ளிப் போடுமாறு காவலாளியிடம் கேட்டுக்கொண்டு மாடியேறினார்.