சிவசைலத்தின் வாசலில் பூட்டிய சக்கரம்

நம்பிராஜனுக்கு அந்தக் கோபம் வந்து சரியாக ஒரு வருஷம். போன ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று ஏறியது, இந்த ஆடிக் கொடை வந்தும் இறங்கவில்லை.

பழைய குற்றாலத்துக்கு மேலே மலைக்குள் இருக்கிற பேச்சியம்மனின் வெள்ளி அங்கி, ஒரு மரப்பெட்டியில், தென்காசியில் அவர் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. கொடையன்று உச்சிகால பூசைக்கு முன்னால் அந்தப் பெட்டி அவர் வீட்டு வண்டியில்தான் மேலே போய்ச் சேர வேண்டும். நடுவழியில் வேறொருவன் வண்டிக்கு மாறினால் உரிமையும் அவனோடு போய்விடும். பாகம் பிரித்த காலத்தில் மலையடி நிலம் சித்தப்பா வீட்டுக்குப் போனது, பெட்டி இவர்கள் வீட்டுக்கு வந்தது. அந்த நிலத்தில் இன்று சித்தப்பா மகன் சிவசைலம் லாட்ஜ் கட்டியிருக்கிறான். அவனுக்குச் சீசன் வருமானம். இவருக்கு முதல் மரியாதை.

நம்பிராஜனின் ஜீப் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஆனால் உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பியைத் தள்ளினால் மட்டும் முன்சக்கரம் இழுத்துவிடாது. ஆள் இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் உள்ள ஹப் என்கிற மூடியைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். தார் ரோட்டில் பூட்டினால் வண்டி கெட்டுவிடும் என்று அவர் அப்பா சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் அப்பா சொன்னதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. தார் முடிகிற இடமோ சிவசைலத்தின் வாசல். அதைத் தாண்டினால் ஒரே ஏற்றம், நிறுத்த இடமில்லை.

போன வருஷம் டிரைவர் இசக்கிமணி அங்கே இறங்கி, சாரலில் முழங்கால் போட்டுச் சக்கரத்தைப் பூட்டினான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிவசைலம் வலக்கையைத் தூக்கி, "நல்லாயிருலே, எந்திரி" என்றான். தலையெல்லாம் எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பி நின்ற வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

குனிந்தது டிரைவர்தான். ஆனால் நம்பிராஜன் வீட்டு வண்டியிலிருந்து இறங்கியவன் குனிந்தால் நம்பிராஜன் வீடே குனிந்த மாதிரி. முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் உடுப்பில் எவனுக்கும் வளையாத முதுகு அது.

கொடை முடிந்த மறுநாளே தென்காசியில் முகம்மது ரபீக்கின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், இறங்காமல் பூட்டுகிற ஹப் வேண்டும் என்றார். ரபீக் வேண்டாம் என்றுதான் சொன்னான். "அண்ணாச்சி, தானா பூட்டுதது தானாவே அவுந்துக்கிடும். வண்டி ஒரு முழம் பின்னால உருண்டா போதும். கையால பூட்டுனா நீங்களா அவுக்கித வரைக்கும் நிக்கும்."

அறிவுரை கேட்க வரவில்லை, குனியாமல் இருக்க வழி கேட்டு வந்திருக்கிறேன் என்றார் இவர். ரபீக் வாயை மூடிக்கொண்டு, உடைக்கப் போட்ட ஒரு வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக் ஹப் இரண்டைத் தேடி எடுத்து மாட்டினான். பழைய ஹப்பைச் சாக்கில் கட்டி, ஸ்பானர் சாவிகளோடு பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

இந்த ஆடியில் பத்தேகாலுக்கு ஜீப் சிவசைலத்தின் வாசலைக் கடந்தது. நம்பிராஜன் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கண் மட்டும் ஓரமாகப் போய் நாற்காலியைத் தொட்டுவிட்டு வந்தது. கம்பியைத் தள்ளினான் இசக்கிமணி. முன்சக்கரம் பிடித்தது. பாதி ஏற்றத்தில் ஈரப்பாறை ஒன்றில் டயர் வழுக்கி, வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. அவ்வளவுதான். இடப்பக்க ஹப்பில் கடகடவென்று சத்தம் கேட்டது, இழுவை போய்விட்டது. மூன்று தடவை முயன்றும் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து, பின்பக்கமாகவே இறங்கி, சிவசைலத்தின் வாசலில் வந்துதான் வண்டி நின்றது.

"அண்ணாச்சி, எம் பிக்கப் சும்மாதான் நிக்கி" என்றான் சிவசைலம். "பெட்டிய ஏத்திருவமா?"

நடந்து போனால் இரண்டு மணி நேரம். பூசைக்கு அவ்வளவு நேரம் இல்லை. நம்பிராஜன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் போட்டார்.

பழைய ஹப்பை இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஆறு போல்ட். ரபீக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பானெட் மேல் போனை நிறுத்தினான் இசக்கிமணி. ரபீக் சொல்லச் சொல்ல இவன் கழற்றினான். ஒரு பக்கம் முடியவே பதினொன்று ஆகிவிட்டது. இப்படியே போனால் மறுபக்கம் முடிந்து மேலே ஏறுவதற்குள் பூசை மணி அடித்துவிடும்.

நம்பிராஜன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஐயா, நீங்க வேண்டாம்யா."

"சாவியக் குடுலே."

எழுபத்தொரு வயது முழங்கால் சேற்றில் இறங்கியது. கழற்றிப் போட இசக்கிமணி, துடைத்து மாட்ட அவர். கொட்டுகிற சாரலில் இருபது நிமிஷம், அந்த வாசலில், அந்த நாற்காலிக்கு முன்னால். போன வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்த குனிவு இது. வெளியூர்க்காரன் ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். சிவசைலம் ஒரு மடித்த சாக்கை அவர் பக்கம் எறிந்து, முட்டி வலிக்கும், போட்டுக்கொள்ளுங்கள் என்றான். அது கேலியா அக்கறையா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அந்தச் சாக்கில் கையின் கிரீஸைத் துடைத்துத் தள்ளிவிட்டு, ஹப்பைத் திருகினார். டக்கென்று விழுந்தது பூட்டு.

போனில் ரபீக்கின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? இத ஏன் வாசல்ல வந்து பூட்டுதீய? வீட்டுலயே பூட்டிட்டு வந்திரலாம்லா? உள்ள கம்பியத் தள்ளாத வரைக்கும் தார் ரோட்டுல ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் டீசல் கூடக் குடிக்கும், அம்புட்டுதான்."

சிவசைலம் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்கா ஒரு வருசம், அண்ணாச்சி?"

நம்பிராஜனுக்குக் காது சூடேறியது. நாற்பது வருஷமாக, அப்பா கம்பிக்குச் சொன்ன விதியை ஹப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறது ஒரு குடும்பம். அப்பாவைக் கேட்க முடியாது. ரபீக்கைத் திட்ட முடியாது, அவன் வாயை மூட வைத்ததே இவர்தான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகை நிமிர்த்தினார்; அதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

"அடுத்த வருசமும் இங்கனதாம் பூட்டுவேன்" என்றார். "வீட்டுல பூட்டிட்டு உனக்குப் பயந்து ஓடமாட்டேன். நாந்தான் இறங்குவேன், என் கையாலதான் பூட்டுவேன். நாற்காலிய இப்பமே போட்டு வை."

ஜீப் வழுக்காமல் ஏறியது. பெட்டி இறங்கியபோது பூசாரி இன்னும் மணியைக் கையில் எடுக்கவில்லை. முதல் திருநீறு சேறு காயாத நெற்றியில் விழுந்தது.

திரும்பும்போது அதே வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வீட்டில் போய் அவிழ்த்துக்கொள்ளலாமே என்று இசக்கிமணி சொல்லிப் பார்த்தான். காதில் வாங்காமல் இறங்கினார். மறுபடி முழங்கால் போட்டு, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், இரண்டு ஹப்பையும் அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நாற்காலியில் யாரும் இல்லை. அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.