உயர்ந்த சராசரி

"நாலே நாலு பேர் டீச்சர். அவங்களைக் கலப்பு வகுப்புக்கு மாத்திட்டா நம்ம சராசரி தானா ஏறிடும். இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைச் சுளிக்கிறீங்க?"

தலைமையாசிரியர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பெண்களைத் தனியாக உட்காரவைத்தால் கணக்கு நன்றாக வருகிறதா என்று பார்ப்பது அவருடைய சோதனை. அந்தத் தனி வகுப்பை அவளிடம்தான் கொடுத்திருந்தார். நாளைக்குப் பரீட்சை.

"முந்தின நாள் ஆளை மாத்திட்டு, தனி வகுப்பு ஜெயிச்சிடுச்சுன்னு சொல்றதா சார்? அந்தப் பக்கம் சராசரி இறங்கிடுமே?"

"இறங்கட்டுமே! ஒரே கல்லுல ரெண்டு மாங்கா." சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் பிஸ்கட் மாவு. "இந்தாங்க, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

டீச்சர் வாங்கிக்கொண்டாள்.

"கேள்விக்குறியையுமா சார்?"

"அதுதானே முதல் ஆள்! இப்பவே பையோட அந்த வகுப்புக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பியாச்சு."

கேள்விக்குறி என்பது வகுப்பு வைத்த பெயர். போன வருடம் கலப்பு வகுப்பில் அந்தப் பெண் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னாள். பின்பெஞ்சுப் பையன்கள் மாடு மாதிரிக் கத்தினார்கள். அதட்ட வேண்டிய வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. இங்கே வந்துதான் நாக்கு முளைத்தது. 'மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் டீச்சர் ப்ளஸ் வரணும்?' என்பாள். புரியாமல் அடுத்த கணக்குக்கு நகரமாட்டாள். பரீட்சையிலும் அப்படியே உட்கார்ந்து யோசிப்பதால் பாதித் தாள் வெள்ளையாகவே கிடக்கும். கணக்கு பிடித்துப்போனதாலேயே மதிப்பெண் குறைந்த பிள்ளை.

டீச்சர் அறையை விட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கேள்விக்குறி நின்றிருந்தாள். எதிரே இருந்த கலப்பு வகுப்புக்குள்ளிருந்து 'ம்மா' என்று ஒரு குரல்; தொடர்ந்து நாலைந்து. வாத்தியார் அதட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. டீச்சரின் உள்ளங்கையில் பிஸ்கட் நசநசவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் இனிமே ஏன்னே கேக்கமாட்டேன்," என்றாள் அந்தப் பெண். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி எழுதிடறேன். என்னை இங்கயே வச்சுக்கோங்க டீச்சர்."