மேளம் இல்லாத ஊர்

எனக்கு வாய் நீளம் என்று வேப்பனப்பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மூன்று வருஷம் அங்கே என் மாமனார் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

நான் பிறந்த ஊர் கெம்பனேரி, தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம். ஏரிக்கரை முழுக்கப் புளியமரம். தை பிறந்தால் கூழைக்கடாவும் நாரையும் வந்து கிளைக்குக் கிளை கூடு கட்டும். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண்கள் என்றுதான் அவற்றை எங்கள் ஊரில் சொல்வோம். குஞ்சுகள் பறந்து போகிறவரை ஊருக்குள் மேளம் கிடையாது, வெடி கிடையாது. சாவு விழுந்தால்கூட ஊர் எல்லை தாண்டித்தான் பறை. கூடு இருக்கிற மரத்தில் புளி உலுக்கவும் ஏற மாட்டோம்.

என் கல்யாணம் நடந்தது மாசியில். மேளம் வேண்டாம் என்று என் அப்பா எல்லப்பன் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். என் மாமனார் வெங்கடப்பன் கேட்கிற ஆளா? மாந்தோப்பும் நாலு ஜோடி மாடும் வைத்திருக்கிற மனுஷன், இரண்டு செட் மேளத்தோடு வந்து இறங்கினார். எங்கள் ஆட்கள் எல்லையிலேயே மேளக்காரர்களை நிறுத்திவிட்டார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம்கூட இல்லை. ஒரு கொக்குக்காகச் சொந்தபந்தத்துக்கு முன்னால் மூக்கறுத்துவிட்டார்கள் என்று அன்றைக்குக் கருவிக்கொண்டவர்தான். அந்தக் கோபத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மேல் காட்டினாரா? என் மேல் காட்டினார்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாசம், அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். கொக்கு ஊருக்கு மருமகளை அனுப்ப முடியாது என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பிவிட்டார்கள். எட்டாம் மாசம் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வலி எடுத்தது. பிள்ளை பிறந்தது, அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தார்கள். அழவே இல்லை. அன்றைக்கு எவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுபடி உண்டானபோதும் அதே பேச்சுதான். என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி நல்ல மனுஷன். ஆனால் அப்பன் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவையும் அப்படித்தான் நின்றார்.

மாசி மாசத்தில் ஒருநாள் காலையில் மாமனார் வந்து, உங்கள் ஊருக்குப் போகிறோம், கிளம்பு என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இரண்டு புடவை, பிள்ளைக்கென்று கிழித்து வைத்திருந்த பழந்துணி, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே ஜீப் நின்றது. உள்ளே எங்கள் மாங்காயை எடுக்கிற பெங்களூர் மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ரெட்டைக்குழல் துப்பாக்கி.

"மூட்டை என்னாத்துக்கு? சாயந்தரம் திரும்பிடுவோம்" என்றார் மாமனார்.

வழியில்தான் விஷயம் புரிந்தது. மண்டிக்காரருக்குக் கெம்பனேரிப் பறவைகளைப் பார்க்க வேண்டும், நாலைந்து சுடவும் வேண்டும். ஊர்க்காரர்கள் தடுத்தால்? அதற்குத்தான் நான். ஊர்ப் பெண் வாயும் வயிறுமாக முன்சீட்டில் இருந்தால் எவன் மறிப்பான் என்று என் மாமனார் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். என்னமோ எனக்குக் கன்னடம் தெரியாத மாதிரி. பின்சீட்டில் என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் ஜீப் நின்றதும் அப்பா ஓடி வந்தார். பின்னாலேயே இருபது முப்பது பேர். என் வயிற்றைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். மேலே கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. அப்பா கையைக் கூப்பினார்.

"சம்பந்தி, குஞ்சுங்க இருக்குதுங்க."

"உங்க பொண்ணு எங்க ஊட்டுல இருக்குது" என்றார் மாமனார். "அதை மனசுல வெச்சிகினு பேசுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லை மறித்து மேளத்தை நிறுத்திய மனுஷன், என்னை நினைத்து விலகி நின்றார். ஊர்க்காரர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். மண்டிக்காரர் தோட்டாவைப் போட்டார்.

அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். நேராகப் போய் பெரிய புளியமரத்தின் அடியில், எச்சமும் மீன் நாற்றமுமாகக் கிடந்த வேரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மாமா, நான் இனிமே உங்க ஊட்டுல இல்ல. இங்கதான் பெத்துக்கப் போறேன். இப்ப பேசுங்க எங்கப்பாகிட்ட."

மாமனார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, அவளைத் தூக்கி வண்டியில் போடு என்றார். அவரோ ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. அவர் எனக்குச் செய்த முதல் உதவி அதுதான்.

அப்பா தலை நிமிர்ந்தார். நடந்து வந்து துப்பாக்கிக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றார். ஒதுங்கிய ஊர்க்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"குஞ்சு பறக்கிற வரைக்கும் இங்க துப்பாக்கி வெடிக்காது சம்பந்தி. என் பொண்ணும் அதுவரைக்கும் வரமாட்டா."

மண்டிக்காரர் தோட்டாவை உருவிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கிற இடத்தில் சுடச் சொல்கிறாயே, நீ என்ன மனுஷன் என்று கன்னடத்தில் என் மாமனாரிடம் எரிந்து விழுந்தார். இனி என் வாசற்படி மிதிக்காதே என்று மாமனார் என்னைப் பார்த்துக் கத்தினார். சரி என்றேன். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"புள்ளைய பாக்கணும்னா வா. மேளம் இல்லாம வா."

இருபது நாள் கழித்து வந்தார். பஸ்ஸில் தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து நடை. அன்றைக்கு நான் விட்டுவிட்டு வந்த மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் கொடுத்தேன்.

பங்குனி கடைசியில், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். அவளைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. அவள் போட்ட கத்தலில் வீட்டோரத்து மரத்துக் கூழைக்கடாக்கள் எல்லாம் எழும்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன என்று அம்மா சொன்னாள். யாராவது வந்து சத்தம் போடாதே என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அவள் அழுதுகொண்டே இருந்தாள்.