யாழினிக்கு அடித்த ஹாரன்

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்திலிருக்கும் அந்தத் தொடக்கப்பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து மூன்றாம் வகுப்பில் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரவில்லை. வழக்கமான வயிற்றுவலிக்காரர்கள்கூட மணி அடிக்கும் முன்னே வந்து இடம் பிடித்துக்கொண்டார்கள். சுவரை அடைத்து நின்ற அந்தப் பலகை படம் காட்டியது, பாடியது. எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குக் காது கேட்டது! மைக்கில் பேசினால் பேசியதை அப்படியே எழுதிக் காட்டியது.

விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மஹ்ரீன் டீச்சர் அதில் ஒரு விளையாட்டுச் செய்து வைத்திருந்தார். அவரவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். எழுத்துப் பிசகாமல் பலகையில் வந்துவிட்டால், ஒரு ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போய் வெடிக்கும்.

ஒத்திகையில் முதலில் போய் நின்றவள் யாழினி. அவளுடைய அப்பா பத்துப் பேரிடம் விசாரித்து ஆசையாக வைத்த பெயர் அது. வைத்தாரே தவிர, அதைச் சொல்ல அந்த ஊரில் நாக்கு இல்லை. அங்கே மழை என்றால் மளை, பழம் என்றால் பளம்.

"யாளினி" என்றாள்.

பலகையும் கொஞ்சங்கூட யோசிக்காமல் 'யாளினி' என்று எழுதியது. ராக்கெட் அசையவில்லை.

"ஏலே, போர்டுக்கும் நம்மூருதாம்லே!" என்று சிவபாண்டி கத்தினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாழினியின் முகம் சுண்டிப்போனது.

டீச்சர் அவள் தோளைத் தட்டினார். "நாக்கு நுனிய உள்ள மடிச்சுச் சொல்லிப் பழகு. திங்கக்கிழமை பெரிய ஸ்பீக்கர் மாட்டுதேன். அன்னைக்கு உன் பேரை வெடிக்க வச்சிருவோம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாழினிக்கு வேறு நினைப்பே இல்லை. குழாயடியில் ழ, சோற்றுத் தட்டுக்கு முன்னால் ழ, ஆட்டுக்குட்டியின் காதுக்குள் ழ. பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா பாக்கியத்தாய் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள். "ஏட்டி, நாக்குச் சுளுக்கிக்கிடப் போவுது!"

திங்கட்கிழமை ஸ்பீக்கர் வந்தது. சிவபாண்டி முண்டியடித்து முதலில் போய் நின்றான். அவன் பெயரில் என்ன சிக்கல்? பலகை சட்டென்று எழுதியது. ராக்கெட் கிளம்பியது.

டமார்!

ஜன்னல் கதவு அதிர்ந்தது. பலகையில் சிவப்பும் பச்சையுமாகப் பூக்கள் சொரிந்தன. ஆனால் பார்க்க ஆள் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி. சத்தம் கேட்டால் வெட்டவெளிக்கு ஓடு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" என்று ஓடி வந்தார்கள். போன்கள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேனே வந்து நின்றது. அதிலிருந்து குதித்த பெண்கள் வானத்தில் புகையைத் தேடினார்கள். புகை இல்லை. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார்கள். பட்டாசு மருந்து ஒட்டிய கைகள் யூனிபார்ம் முழுக்க வெள்ளி அடித்தன.

நடந்தது தெரிந்ததும் பாக்கியத்தாய் பொங்கிவிட்டாள். "பள்ளிக்கூடத்துக்குள்ளயா வெடி வைப்பீக டீச்சர்? வேலையப் போட்டுட்டு ஓடியாந்தோம்லா!"

"வெடின்னா பிள்ளைகளுக்குச் சந்தோசம்னு நெனச்சுட்டேன்க்கா" என்றார் டீச்சர்.

"தீவாளி அன்னைக்குத்தான் அது சந்தோசம். மத்த நாள்ல அந்தச் சத்தம் எங்கன இருந்து வரும்னு எங்களுக்குல்லா தெரியும்."

தலைமையாசிரியர் வேலுச்சாமி பலகைமேல் ஒரு துணியைப் போர்த்தினார். "பெத்தவங்க சரின்னாத்தான் இனி இது தெறக்கும்."

யாழினிக்கு அழுகை முட்டியது. வாய் நிறைய ழ இருக்கிறது. கேட்பதற்குக் காது இல்லை!

மறுநாள் யாழினி தானாக எழுந்து டீச்சரிடம் போனாள். "டீச்சர், ராக்கெட்டு வேண்டாம். வேன் வரட்டும்."

"என்ன வேன்?"

"எங்கம்மா வார வேன். சாயங்காலம் பாம்ம்... பாம்னு ஹாரன் அடிக்கும்லா? அதைக் கேட்டா நாங்க எல்லாரும் தெருவுக்கு ஓடுவோம்."

"ஆமா டீச்சர்! பாம்ம்... பாம்!" என்று சிவபாண்டி ஆரம்பித்தான். வகுப்பே வேன் ஓட்டியது.

அன்று சாயங்காலம் டீச்சர் தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கம்பெனி வேனுக்காகக் காத்திருந்தார். ஹாரனைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்றதும் டிரைவர் வெள்ளைத்துரை, படம் பிடிப்பதுபோலத் தலையைச் சீவிக்கொண்டு வந்து அழுத்தினார்.

அடுத்த நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய தாய்மார்கள் தூக்குவாளிகளோடு வகுப்பில் கூடினார்கள். தலைமையாசிரியர் துணியை விலக்கினார். "ஒரே தடவை. பிடிக்கலன்னா மூடிருவோம்."

யாழினி மைக் முன்னால் நின்றாள். நாக்கு நுனியை மடித்தாள்.

"யாழினி."

யா... ழி... னி. ஒவ்வொரு எழுத்தாக வந்து நின்றது. பலகையின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் வேன் குலுங்கிக் குலுங்கி ஓடி வந்தது.

பாம்ம்... பாம்!

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். தாய்மார்களோ மொத்தமாக எழுந்து, தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்! பாக்கியத்தாய் ஒற்றைச் செருப்போடு ரோட்டுக்கே போய்விட்டாள். அங்கே வேன் இல்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்த சிரிப்பில் தலைமையாசிரியரின் கண்ணாடியே நழுவியது.

"சார், இது இருக்கட்டும் சார்" என்றபடி பாக்கியத்தாய் திரும்பி வந்தாள். நேரே மைக்கைப் பிடித்தாள். "நான் பெத்த பிள்ள பேரு, நானும் சொல்லுதேன். யாளினி."

பலகை 'யாளினி' என்றே எழுதியது. வேன் வரவில்லை.

"நாக்கை மடிம்மா!" என்று யாழினி குதித்தாள்.

"யாள்... யாழ்ளி..."

பாம்ம்... பாம்! ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் பாம்ம்... பாம்!

"அத்தை இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள அது ஏன் அடிக்கி?" என்றான் சிவபாண்டி.

வாசலில் வெள்ளைத்துரை வந்து நின்றார். "எம்புட்டு நேரமா அடிக்கேன், ஒருத்தரும் அசைய மாட்டேங்கீக! தீவாளி சீசன் நேரம்லா? ஏறுங்க வண்டியில!"

"பொறுங்கண்ணே, எம்மக பேரு இன்னும் வரல" என்று பாக்கியத்தாய் மறுபடியும் நாக்கை மடித்தாள்.