பவுனு அறிந்த குரல்

எனக்குப் பேச்சுதான் திக்கும், எழுத்து திக்காது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன் நான். சிரிப்பு நடிகர் கிருஷ்ணசாமி எனக்குச் செய்த காரியத்தை அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் திண்டிவனத்தில் எவனும் முழுசாகக் கேட்க மாட்டான், பாதியிலேயே சிரித்துவிடுவான்.

என் கழுதையின் பெயர் பவுனு. மரக்காணத்து உப்பை அதன் முதுகில் ஏற்றி வந்து திண்டிவனம் சந்தையில் விற்பது என் பிழைப்பு. குட்டியிலிருந்து நான் "ப... ப... பவுனு" என்று திக்கித்தான் கூப்பிட்டேன். அதுதான் தன் பெயர் என்று அது நினைத்துக்கொண்டது. என் மனைவி சவுரியம்மாள் நேராக "பவுனு" என்றால் காதைக்கூட அசைக்காது. எனக்கு அதில் கர்வம் உண்டு. என் திக்கலைக் கேட்டுச் சிரிக்காத ஜீவன் அது ஒன்றுதான்.

கிருஷ்ணசாமி விழுப்புரத்து நாடகக் கம்பெனியிலிருந்து டாக்கிக்கு, பேசும் படத்துக்கு, போனவர். படத்துக்குக் கழுதை தேடி வந்து, எங்கள் வீட்டுக் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு எட்டு நாள் தங்கினார். மல்லாட்டைக் கடலையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டும் பவுனு அவரிடம் போகவில்லை.

"அண்ணே, நீ கூப்புடற மாதிரியே எனக்குச் சொல்லிக்குடு. அப்பதான் இது வரும்" என்றார்.

"ப... படத்துல அந்தத் திக்கல் கேக்குமா சார்?"

"கேக்காது. அந்த எடத்துல பாட்டு போட்டு மூடிடுவோம். ஜனங்க கழுதையத்தான் பாத்துக்கினு இருப்பாங்க. எங்கம்மா மேல சத்தியம்ணே."

நம்பினேன். ஆயுசு முழுக்க ஒளித்துவைக்கப் பார்த்த திக்கலை, உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். உதடு எங்கே ஒட்டிக்கொள்ளும், கண் எப்போது மூடும், கழுத்து எந்தப் பக்கம் வெட்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் நாள் அவர் கூப்பிட்டதும் பவுனு ஓடிப்போய் அவர் கையில் மூக்கை வைத்தது. கை தட்டியதும் நான்தான். என்ன புத்தியோ எனக்கு.

படம் பிடிக்க அவர் கூட்டிப்போன பவுனு ஒரு மாதத்தில் கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தது. அடுத்த வருஷம், முப்பத்தொன்பதில், படம் எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகைக்கு வந்தது. சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசை மணலில் உட்கார்ந்தேன்.

திரையில் ஓர் உப்பு வியாபாரி வந்தான், கிருஷ்ணசாமிதான் அந்த வேஷத்தில். என் முண்டாசு, என் கழுத்து வெட்டு. வாயைத் திறந்தால் என் திக்கல். கழுதையைக் கூப்பிடும் இடத்தில் பாட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொட்டகையே உருண்டு சிரித்தது, என் மச்சான்கள் உட்பட. திரையில் பவுனு மட்டும் நான்தான் கூப்பிடுகிறேன் என்று அவனிடம் ஓடி வந்தது.

"எழுந்து வாய்யா, போலாம்" என்றாள் சவுரியம்மாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. இனி எனக்கு அவன், 'அவர்' இல்லை.

மறுநாளிலிருந்து சந்தையில் ஆளாளுக்கு "ப... ப... பவுனு" என்றார்கள். கடைக்காரன் கூப்பிட்டான், வண்டிக்காரன் கூப்பிட்டான், மூட்டை தூக்குகிறவன் கூப்பிட்டான். பவுனு ஒவ்வொருவரிடமும் ஓடியது. சிலர் சிரித்தார்கள், சிலர் கிட்டே வந்ததும் குச்சியால் அடித்தார்கள். ஒரு நாள் அப்படி ஓடியதில் மூட்டை கிழிந்து உப்பெல்லாம் தெருவில் கொட்டியது. அப்போதும் அடுத்தவன் கூப்பிட்டதும் ஓடியது.

பத்து நாள் போயிருக்கும். ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்ததை வீட்டுக்கு ஓட்டிவரப் போனேன். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, "ப... ப... பவுனு" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தது. வரவில்லை. மறுபடி கூப்பிட்டபடி கிட்டே போனேன். ஓடவில்லை, அடி விழப்போகிறது என்று கழுத்தை ஒடுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

கையை நீட்டாமல் அங்கேயே நின்றேன். கூப்பிட்டது நான்தான் என்று அதற்கு எப்படிச் சொல்வது? என்னிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.